காய்ந்த தரையில் அலறும் நீர்க்கசிவு அலாரம்: பிரீசெட்டைத் திருகலாமா?

கேள்வி:
ஏசிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் தெரியட்டும் என்று ஒரு நீர்க்கசிவு அலாரம் வைத்திருக்கிறேன். 9 வோல்ட் பேட்டரி, ஒயர் முனையில் இரண்டு கம்பி உள்ள சின்ன சென்சார். பத்து நாளாகத் தரை காய்ந்து கிடக்கும்போதே நள்ளிரவில் அலறுகிறது. பெட்டிக்குள் இருந்த பிரீசெட்டை (உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு) கொஞ்சம் திருகினேன், அடங்கிவிட்டது. ஆனால் நேற்று ஏசித் தண்ணீரில் சென்சார் நனைந்தும் சத்தமே இல்லை. குழாய்த் தண்ணீரைத் தெளித்தால் உடனே கத்துகிறது. ஏன் இப்படி? அம்மா அந்த அறையில்தான் படுக்கிறார், வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
இரண்டும் ஒரே தண்ணீர் இல்லை நண்பரே. இரண்டு கம்பிக்கும் நடுவே மின்சாரம் பாய்கிறதா என்பதை மட்டும்தான் இந்தச் சென்சார் பார்க்கும். பாய வைப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள். குழாய்த் தண்ணீரில் அவை தாராளம். ஏசியில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது, உப்பு மிகக் குறைவு. நீங்கள் உணர்திறனைக் குறைத்ததும் அதைப் பிடிக்க முடியாமல் போயிருக்கிறது.

சரி, விடாமல் கத்துகிறதா, விட்டு விட்டு 'பீப்' என்கிறதா? விட்டு விட்டு என்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சென்சாரையும் கிட்டத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
விடாமல்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கம்பி பளபளப்பாக இருக்கிறது, இன்னொன்றில் பச்சை பூத்திருக்கிறது. நடுவில் உள்ள பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறப் பிசுக்கு.

பதில் 1:
அந்தப் பிசுக்குதான் காரணம். ராத்திரி ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு அதுவே இரண்டு கம்பிக்கும் பாலம் போட்டுவிடும். பச்சை பூத்தது நேர்மின் பக்கக் கம்பியாக இருக்கும். ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் ஈரத்தில் அந்தப் பக்கம்தான் அரிக்கும்.

ஏசியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியையும் கழற்றிய பிறகு கை வையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத்பிரஷ் போதும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். உப்புத்தாள் போடவே போடாதீர்கள், முலாம் போய்விட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரீசெட். இப்போது இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, உணர்திறன் கூடும் பக்கம் மெல்ல மெல்லத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் ஏசியில் பிடித்த தண்ணீரையே சொட்டிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

பதில் 2:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. சென்சார் இரும்புத் தட்டின் மேல் இருந்தால் இரண்டு கம்பியும் தட்டைத் தொட்டு ஷார்ட் ஆகும். அடியில் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள்.

பதில் 3:
இதையே ஜெனரேட்டர் அடியில் டீசல் கசிவுக்கு வைக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். டீசலில் மின்சாரம் பாயாது, அலாரம் அடிக்காது. எரியக்கூடிய திரவத்துக்கென்றே, தீப்பொறி எழாத பாதுகாப்போடு செய்த சென்சார்தான் வேண்டும்.

கேட்டவர்:
அண்ணா, சுத்தம் செய்து, கால் சுற்றுத் திருப்பினேன். ஏசித் தண்ணீர் மூன்றாவது சொட்டிலேயே கத்திவிட்டது. இரண்டு ராத்திரியாகப் பொய்ச் சத்தம் இல்லை. ஆனால் பச்சை போன கம்பியின் முனை ஊசி மாதிரி மெலிந்திருக்கிறது. அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி உள்ள சென்சார் ஒன்று வாங்கி மாற்றப்போகிறேன்.