புதுப்பிப்பு: கஜாவுக்குப் பிறகு எங்கள் வீடு

வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் ஆறு பேர் கஜா புயலுக்குக் காத்திருக்கிறோம் என்று 2018 நவம்பர் 15 மாலை எழுதியிருந்தேன். அதோடு போன் செத்துவிட்டது. விசாரித்த எல்லோருக்கும்: நாங்கள் நலம்.

நள்ளிரவுக்கு மேல் வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று நின்றது. மழையும் இல்லை. முடிந்தது என்று அப்பா தாழ்ப்பாளைத் திறக்கப் போனார். அது புயலின் கண், சுழலும் காற்றுக்கு நடுவே இருக்கும் அமைதியான பகுதி. "இப்ப தெற்குலேர்ந்து வரும், உள்ளே வாடா" என்று அப்பத்தா அதட்டினார். வந்தது. ஓடுகள் அப்பளம் மாதிரி பறந்தன. கான்கிரீட் போட்ட சின்ன அறைக்குள் கட்டிலுக்கடியில் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை தெருவே சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். கூரைக்கு இப்போதைக்குத் தார்ப்பாய்தான்.

தென்னைதான் ஆறவில்லை. எழுபதில் பதினொன்று நின்றது. அதிலும் நான்கில் குருத்து முறுகி, இப்போது ஒவ்வொன்றாகக் காய்கிறது. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டு முட்டை வைத்து, மிச்சத்தையும் தின்றுவிடும். அறுத்து அகற்ற ஆள் கூலியே கண்ணைக் கட்டுகிறது. வெட்டிய மரத்தை வாங்கவும் ஆளில்லை.

நேற்று அப்பா இருபது நெட்டைக் கன்றுகள் வாங்கி வந்தார். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். குட்டை ரகம் வாங்கியிருக்கலாமே என்றேன். பதில் சொல்லாமல் குழி வெட்டப் போய்விட்டார்.