பழைய சட்டத்துக்குள் இருக்கும் ஆயர் யார்? படத்தைப் பிரித்து எடுக்கலாமா?

கேள்வி (களியக்காவிளை அருகே, கேரளப் பகுதி):

எங்கள் குடும்ப வீட்டு மச்சில் தொங்கும் ஒரு புகைப்படத்தைப் பற்றி விவரம் அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். தேக்குச் சட்டத்துக்குள், தடித்த அட்டையில் ஒட்டப்பட்ட பழுப்பேறிய படம். நரைத்த தாடியுடன் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் நாற்காலியில் அமர்ந்து, மூடிய புத்தகம் ஒன்றின்மேல் வலக்கையை வைத்திருக்கிறார். கையில்லாத கறுப்பு மேலங்கிக்கு வெளியே வெள்ளை உள்ளங்கியின் கைகள் புடைத்து நின்று மணிக்கட்டில் சுருங்குகின்றன. அட்டையின் கீழ் விளிம்பிலுள்ள பொன்னெழுத்துகளில் ‘மதராஸ்’ என்பது மட்டுமே வாசிக்கக் கிடைக்கிறது. வீட்டில் எல்லோரும் இவரைப் போப்பையர் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அது சரிதானா? இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குப் பிறகு, படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா, அட்டை ஏறக்குறைய 4.25 அங்குல அகலமும் 6.5 அங்குல உயரமும் இருந்தால் அது ‘கேபினட் கார்டு’ என்ற புகைப்பட வகை. இவ்வகை 1866 அளவில் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே படம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. நீங்கள் சொல்லும் புடைத்த வெள்ளைக் கைகள் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆயர்களுக்கு, அதாவது பிஷப்புகளுக்கு, உரிய உடை. 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் ஒருபோதும் ஆயராக இருந்ததில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல்லோ 1877-இல் ஆயராக்கப்பட்டவர். என் கணிப்பில் இவர் கால்டுவெல். படம் 1877-க்கும் அவர் மறைந்த 1891-க்கும் இடைப்பட்டது.

பாறசாலையிலிருந்து:

யார் என்பது பிறகு தெரியட்டும். ஒட்டிய மூலையைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். அக்காலப் படங்களில் பெரும்பாலானவை முட்டையின் வெண்கரு பூசிய தாளில் எடுக்கப்பட்டவை. உருவம் அந்த மெல்லிய பூச்சில்தான் நிற்கிறது. ஈரம் ஏறினால் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். இழுத்தால் தாள் கையோடு வரும், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். தண்ணீரோ கண்ணாடி துடைக்கும் திரவமோ அருகிலேயே போகக்கூடாது. முதலில் சட்டத்தோடு வைத்தே, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு சட்டத்தைக் கவிழ்த்துப் பின்பக்க ஆணிகளை மட்டும் கழற்றி, பின்பலகையை எடுத்துப் பாருங்கள். பலகையின் அமிலம் காலப்போக்கில் அட்டையை அரித்துப் பழுப்பாக்கும்; இராமபாணப் பூச்சியும் அங்கேதான் குடியிருக்கும். அமிலமற்ற அட்டை வாங்கிப் பின்னால் மாற்றிவிட்டு, ஒட்டிய கண்ணாடியைப் படத்தோடு அப்படியே விட்டுவிடலாம். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மட்டும் மறுபடி மாட்டாதீர்கள்.

குழித்துறையிலிருந்து:

நாகர்கோவில் நண்பர் உடையை வைத்துப் போப்பை விலக்கியது சரி. ஆனால் உடை ஆயரைக் காட்டுமே தவிர இன்ன ஆயர் என்று காட்டாது. கால்டுவெல்லோடு அதே 1877-இல் பாளையங்கோட்டை எட்வர்டு சார்ஜெண்டும் ஆயரானார். 1861 முதல் சென்னை ஆயராக இருந்தவர் ஃபிரெடரிக் கெல். 1879-இல் திருவிதாங்கூர்–கொச்சி மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயரானவர் ஜே. எம். ஸ்பீச்லி. இவர்கள் எல்லோருக்கும் அந்தக் கைகள் உண்டு. கையடியில் இருக்கும் புத்தகத்தை வைத்து அறிஞர் என்று கொள்வதும் கடினம். அக்கால ஸ்டூடியோக்களில் புத்தகம் நாற்காலியைப் போலவே ஒரு வழக்கமான பொருள்.

எனினும் கால்டுவெல்லின் படம் நம் பகுதி வீட்டில் இருப்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. அக்காலத்தில் தென் திருவிதாங்கூர் லண்டன் மிஷன் சபையின் களமாக இருந்தது. அந்தச் சபையில் அப்போது ஆயர் முறையே இருக்கவில்லை. ஆனால் கால்டுவெல் 1844-இல் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். நம் ஊர்ப் பெண்கள் பலரின் கைத்தொழிலான லேஸ் பின்னலைத் தொடங்கியவர் எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட். உங்கள் வீட்டு மூதாட்டிகளில் யாராவது லேஸ் வேலை செய்தார்களா என்று விசாரியுங்கள். பலகையைத் திறக்கும்போது அட்டையின் பின்புறத்தையும் பாருங்கள். ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும். அது எந்த ஆண்டுகளில் அந்த முகவரியில் இயங்கியது என்பது தெரிந்தால் காலம் சுருங்கும். முகச்சாயலை வைத்து முடிவு செய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நரைத்த தாடி எல்லா முகங்களையும் ஒன்றாக்கிவிடும்.

கேட்டவரிடமிருந்து:

அனைவருக்கும் நன்றி. அம்மையிடம் கேட்டேன், அவருடைய பாட்டி மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னிக் கொடுத்தவர்களாம். பூதக்கண்ணாடியில் பார்த்ததில் அச்சுப் புள்ளிகள் எதுவும் இல்லை; எனவே நூலிலிருந்து வெட்டி ஒட்டிய படம் அல்ல என்று நினைக்கிறேன். ஒட்டிய மூலையைத் தொடாமல் பின்பலகையை மட்டும் கழற்றி, அட்டையின் பின்புறத்தைப் படமெடுத்து இங்கே இடுகிறேன்.