வகுப்பறையில் கைப்பேசி: மாணவரின் ஆர்வத்தைத் திரையிலிருந்து பாடத்திற்குக் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி: அறிவியல் ஆசிரியை

வணக்கம். நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். கற்றலுக்காக மட்டும் வகுப்பில் கைப்பேசியைப் பயன்படுத்த எங்கள் பள்ளி அனுமதித்திருப்பதால், கஹூட் போன்ற வினாடி வினாச் செயலிகளோடு தொடங்கினேன். எப்போதும் வாய் திறக்காத மாணவர்கள்கூட முதல் சில வகுப்புகளில் உற்சாகத்துடன் பங்கேற்றார்கள். இப்போதும் உற்சாகம் குறையவில்லை. ஆனால் அது பாடத்தின் மீதான உற்சாகமா என்ற ஐயம் எனக்கு எழுந்திருக்கிறது. விரைந்து விடையளிப்பவருக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைப்பதால், பலர் கேள்வியை முழுமையாகப் படிக்காமலேயே திரையைத் தொடுகிறார்கள். தரவரிசையில் பின்தங்கியவர்கள் பாதியிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். அதே கருத்தை மறுநாள் வேறு விதமாகக் கேட்டால் விடை தெரிவதில்லை.

கைப்பேசியை முற்றிலும் விலக்கிவிடவும் எனக்கு மனமில்லை. மாணவர்களைச் சிந்திக்க வைக்கும் வகையில் அதைப் பயன்படுத்திய ஆசிரியர்கள் தங்கள் வழிமுறைகளைச் சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: இயற்பியல் விரிவுரையாளர்

வணக்கம் அம்மா. நீங்கள் கற்பிப்பது இயற்பியல் என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மாணவர் கையில் இருக்கும் கருவிக்குள் முடுக்கமானி, ஒலிவாங்கி, காந்தப்புல உணரி எனச் சிறியதோர் ஆய்வுக்கூடமே அடங்கியிருக்கிறது. வினாத்தாள் காட்டும் பலகையாக மட்டும் அதைப் பயன்படுத்தினால் இவையெல்லாம் வீணாகின்றன. ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலி, இந்த உணரிகளின் அளவீடுகளை அப்படியே வரைபடமாகக் காட்டுகிறது. ஒருமுறை நிறுவிவிட்டால் அளவீடுகளுக்கு இணைய இணைப்பு தேவையில்லை.

முடுக்கமானியிலிருந்தே தொடங்கலாம். மேசையில் அசையாமல் கிடக்கும் கைப்பேசியின் முடுக்கம் எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலோர் சுழி என்பார்கள். முடுக்கமானியோ ஏறத்தாழ 9.8 என்று காட்டும். அதே கைப்பேசியைக் கனமான தலையணையின் மீது விழவிட்டால் எவ்வளவு காட்டும் என்று அடுத்துக் கேளுங்கள். இப்போது 9.8 என்று உறுதியாகச் சொல்வார்கள். விழுந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்தில் அளவீடு சுழியை நெருங்கும். உணரிக்குள் இருக்கும் நுண்ணிய பொருளை அதன் தாங்கி எவ்வளவு விசையுடன் பிடித்திருக்கிறது என்பதையே முடுக்கமானி உணர்கிறது. தாங்கியும் பொருளும் சேர்ந்தே விழும்போது பிடிக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை. இந்த விளக்கத்தை நாமே சொல்லிவிடாமல் மாணவர்களை வாதிட விட்டால், எடையின்மை என்ற பாடத்தின் பெரும்பகுதியை அவர்களே கண்டடைந்துவிடுவார்கள்.

இரண்டாவது சோதனை ஒலியின் வேகம் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். செயலியில் ஒலியால் இயங்கும் நிறுத்துக்கடிகாரம் ஒன்று உண்டு. இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மாணவரை நிறுத்துங்கள். முதல் மாணவர் கைதட்டும்போது அவர் அருகிலுள்ள கடிகாரம் உடனே ஓடத் தொடங்கும். ஒலி சென்றடைந்த பிறகே மற்றது தொடங்கும். பிறகு இரண்டாம் மாணவர் கைதட்டினால், அவர் அருகிலுள்ளது உடனே நிற்கும். முதலாவது சற்றுத் தாமதமாக நிற்கும். ஆக, ஒலி சென்று திரும்பும் 10 மீட்டருக்கான நேரமே இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாடு. அது 0.03 நொடிக்குச் சற்றுக் குறைவாக வரும். 10-ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் கிடைக்கும். இரண்டு கைப்பேசிகளின் நேரத்தையும் முன்கூட்டி ஒன்றுபடுத்த வேண்டிய அவசியமே இல்லை. அது ஏன் என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்; அந்தக் கேள்வி ஒன்றே ஒரு பாடவேளைக்குப் போதும்.

பதில்: ஆசிரியர் பயிற்சியாளர்

விரிவுரையாளர் கூறிய சோதனைகளை வினாடி வினாவுடனும் இணைக்க முடியும் என்பதால் இதை எழுதுகிறேன். வினாடி வினாவின் மீது எனக்குக் குறை இல்லை. வேகத்திற்குப் புள்ளி தருவதே சிக்கல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1990-களின் தொடக்கத்தில் தம் வகுப்பில் ஒரு முறையை உருவாக்கினார். கருத்தைச் சோதிக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, மாணவர்கள் தனித்தனியே சிந்தித்து வாக்களித்த பின், விடையை அறிவிக்காமல், பக்கத்தில் இருப்பவரைத் தம் விடைக்கு இணங்கச் செய்யுமாறு அவர்களிடம் கூறி, மீண்டும் வாக்களிக்க வைப்பார். தோராயமாக 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியான விடையைத் தேர்ந்திருக்கும்போதுதான் இந்த உரையாடல் நன்கு பயனளிக்கும். அதற்குக் கீழே இருந்தால் பாடத்தை மீண்டும் விளக்க வேண்டும். மேலே இருந்தால் அடுத்த கேள்விக்குச் சென்றுவிடலாம். ஒலிச் சோதனையில் எந்தக் கைப்பேசி நீண்ட நேரம் காட்டும் என்பது இந்த முறைக்கு மிகப் பொருத்தமான கேள்வி. வாக்கெடுப்பின்போது தரவரிசையை மறைத்துவிடுங்கள்.

மறுநாள் நினைவில் நிற்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முந்தினார்கள். ஆகவே அன்றைய பாடத்தை அன்றே வினவுவதோடு நிற்காமல், முந்தைய வாரத்துப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளையாவது ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: தலைமையாசிரியர்

மேலே சொல்லப்பட்டவற்றை வரவேற்கிறேன். ஆயினும் ஒரு கவலையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அணைக்கப்பட்ட கைப்பேசிகூட மேசையில் இருந்தால் சிந்திக்கும் திறன் குறைகிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே விளைவைக் காட்டவில்லை என்றாலும், அறிவிப்பு ஒலி கேட்டதும் மாணவரின் பார்வை எங்கே செல்கிறது என்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், தொழில்நுட்பம் கற்றலுக்குத் துணைசெய்யும் இடத்தில் மட்டுமே வகுப்பறைக்குள் வரவேண்டும் என்றே வலியுறுத்துகிறது. எனவே சோதனை நடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் கைப்பேசி மேசைக்கு வரட்டும். அப்போதும் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். எல்லோரிடமும் கைப்பேசி இருக்காது என்பதையும் மறவாதீர்கள். இல்லாதவர் என்று எந்த மாணவரும் தனித்துத் தெரியக் கூடாது.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. ஒலியின் வேகத்தைக் காணும் சோதனையை அடுத்த வாரம் செய்ய எண்ணுகிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. வகுப்பின் இரைச்சலில் கடிகாரம் தானாகத் தொடங்கிவிடாதா? கைப்பேசி இல்லாத மாணவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பதில்: இயற்பியல் விரிவுரையாளர்

எவ்வளவு உரத்த ஒலிக்குக் கடிகாரம் இயங்க வேண்டும் என்ற வரம்பைச் செயலியிலேயே உயர்த்தலாம். அமைதியான தாழ்வாரத்திலோ திறந்தவெளியிலோ செய்து, கைதட்டலுக்குப் பதில் இரண்டு மரக்கட்டைகளை மோதினால் அளவீடு இன்னும் சீராக வரும். நால்வர் கொண்ட குழுவுக்கு இரண்டு கைப்பேசிகள் போதும். ஒருவர் தொலைவை அளக்கட்டும், இருவர் ஒலி எழுப்பட்டும், நான்காமவர் குறிப்பேட்டில் பதியட்டும். ஒவ்வொரு சுற்றிலும் பணிகளை மாற்றிக்கொள்ளட்டும்.

பதில்: ஆசிரியர் பயிற்சியாளர்

வாக்கெடுப்புக்கு உங்கள் கைப்பேசி ஒன்றே போதும். பிளிக்கர்ஸ் என்ற செயலியில் ஒவ்வொரு மாணவருக்கும் அச்சிட்ட அட்டை ஒன்று தரப்படும். தாம் தேர்ந்த விடை மேல்பக்கம் வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடித்தால், உங்கள் கேமரா வகுப்பு முழுவதையும் ஒரே வீச்சில் படித்துவிடும். அட்டையில் விடைக்கான எழுத்துகள் மிகச் சிறியனவாக இருப்பதால், ஒருவர் விடையை மற்றவர் பார்த்து மாற்றுவதும் அரிது.