கிட் பார்சல் அடிபட்டு வந்ததா? அடி போன வழியைத் தேடுங்கள்

கோவையிலிருந்து:

நான் வாங்கியது 3018 வகை சிஎன்சி ரவுட்டர் கிட், அதாவது கணினி சொல்லும் வழியில் செதுக்கும் மெஷினை நாமே பூட்டிக்கொள்வதற்கான பாகங்கள். வேலைப் பரப்பு 300-க்கு 180 மில்லிமீட்டர். மரம், அக்ரிலிக் செதுக்கத் தாராளமாகப் போதும். இந்த மாதிரி கிட்டுகளில் பெரும்பாலும் எல்லாமே ஒரே அட்டைப்பெட்டிக்குள் ஃபோம் அடுக்குகளுக்கு நடுவே வரும். மோட்டாரும் இரும்பு ராடும் நல்ல கனம். பக்கத்திலேயே பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த பிளேட். பெட்டி கீழே விழுந்தால் வெளியிலிருந்து வரும் அடியைவிட உள்ளே இருக்கும் மோட்டார் கொடுக்கும் அடிதான் மோசம்.

எனக்கு வந்த பெட்டியில் ஒரு மூலை உள்ளே போயிருந்தது, டேப்பும் பிளந்திருந்தது. கூரியர் தம்பி ஓடிபி கேட்டார். அதைச் சொன்னால் டெலிவரி முடிந்ததாகப் பதிவாகிவிடும். "ஒரு நிமிசம் இருங்க தம்பி" என்று நிறுத்திவிட்டு, பெட்டியின் ஆறு பக்கத்தையும் லேபிள் தெரியப் படம் எடுத்தேன். 'மூலை நசுங்கியுள்ளது, உள்ளே பார்க்கவில்லை' என்று ரசீதில் எழுதிய பிறகுதான் எண்ணைச் சொன்னேன். அவருக்கு அவசரம் இருந்தும் பொறுமையாக நின்றார். அப்புறம் பெட்டியைப் பிரித்ததை நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்தேன்.

உள்ளே ஒரு பிளேட்டில் பேரிங் உட்காரும் துளையிலிருந்து விளிம்பு வரை விரிசல். விற்றவர்கள் அன்றைக்கே பதில் போட்டார்கள்: உடைந்த பிளேட்டின் படம் அனுப்புங்கள், வேறு அனுப்புகிறோம். நிறையப் பேர் இந்த இடத்தில் சரி என்று ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிளேட் தானாக உடையாது. அதை இடித்தது எது, அந்த இடி அடுத்து எங்கே போனது என்று தெரியாமல் கேஸை மூடினால், நாளைக்கு மெஷின் ஓடும்போது வரும் கோளாறுக்கு நாம்தான் பொறுப்பு என்று ஆகிவிடும்.

பிளேட்டை ஒட்டி இருந்தவை, சின்னச் சின்ன ஸ்டெப்பாகச் சுற்றும் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும், சுற்றும்போது தன்மேல் உள்ள நட்டை நகர்த்தும் மறை போட்ட ராடான ஒரு டி8 லீட் ஸ்க்ரூவும். முதலில் ஸ்க்ரூவை எடுத்துத் தடித்த கண்ணாடிமேல் வைத்து மெல்ல உருட்டினேன். நேரான ராடு சத்தமில்லாமல் ஒரே சீராக ஓடும். இது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கித் தயங்கிப் போனது. பின்னால் டார்ச் அடித்தபோது நடுவில் கண்ணாடிக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே ஒளிக்கோடு தெரிந்தது. சும்மா கையில் பிடித்துப் பார்த்தால் இந்த வளைவு கண்ணுக்கே படாது.

"படத்தில் நேராகத்தானே இருக்கிறது" என்றார்கள் விற்றவர்கள். கணபதியில் நண்பர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஸ்க்ரூவை அவரிடம் கொண்டுபோனேன். 'வி' வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக் இரண்டின் மேல் அதை வைத்து, நடுவில் மிகச் சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் நிறுத்திச் சுற்றினோம். முள் 0.4 மில்லிமீட்டர் ஆடியது. ஒரு சுற்றில் முள் ஆடும் அளவில் பாதிதான் உண்மையான வளைவு, அதாவது 0.2. குறைவு என்று தோன்றலாம். ஆனால் வளைந்த ஸ்க்ரூ நட்டுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் இறுகி இறுகி விடும். இறுகும்போது மோட்டார் ஸ்டெப் தவறும். இந்த வகை மெஷினில் மோட்டார் உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று கண்ட்ரோலருக்குத் திருப்பிச் சொல்ல எதுவும் கிடையாது. ஸ்டெப் தவறியதே தெரியாமல் அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டு போகும், பலகை வீண். அந்த டயல் வீடியோவை அனுப்பியதும் பேச்சு மாறியது. பிளேட், ஸ்க்ரூ, அதன் நட்டு, அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் எல்லாம் சேர்ந்து வந்தன.

மோட்டாரைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கண்ட்ரோலர் போர்டில் மாட்டுவதற்கு முன்பே செய்யுங்கள்; மாட்டிய பிறகு கையால் சுற்றினால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கி, போர்டில் மோட்டாரை இயக்கும் டிரைவர் சிப்பைக் கெடுக்கலாம். ஷாஃப்டை விரலால் சுற்றுங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தட்டுப்பட வேண்டும். பிறகு மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில், அதாவது காயில்களில், ஒன்றின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொடவைத்துச் சுற்றுங்கள். சட்டென்று கனத்தால் அந்தக் காயில் நன்றாக இருக்கிறது. அடுத்த காயிலுக்கும் இதே சோதனைதான். என் மோட்டார் தப்பித்திருந்தது.

ஓசூரிலிருந்து:

சார், நான் பள்ளியில் பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழகும் டிங்கரிங் லேப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர். எங்களுக்கு வந்தது 3டி பிரிண்டர் கிட். பெட்டியில் கீறல்கூட இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கும் ஹாட்எண்டை ஃபோமிலிருந்து எடுக்கும்போதே, அதன் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரின் ஒயர் தொளதொளவென்று இருந்தது.

தெர்மிஸ்டர் கழன்றிருந்தால் சூடாக்கும் பிளாக் எவ்வளவு கொதித்தாலும் போர்டுக்கு அது குளிர்ந்தே தெரியும், மேலும் மேலும் சூடாக்கும். போர்டில் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் சூட்டுப் பாதுகாப்பு இல்லை என்றால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பிள்ளைகள் சுற்றி நிற்கும் இடம், அதனால் இதில் எந்தச் சமாதானமும் கிடையாது. மல்டிமீட்டரில் பாருங்கள். பரவலாக வரும் தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 100 கிலோ ஓம் காட்டும். நம் ஊர் வெயிலில், 32 டிகிரி அளவில், 75-ஐ ஒட்டி வரும். ஒயரை மெல்ல அசைக்கும்போது அளவு தாவினால் அதை மாட்டவே வேண்டாம். 24 வோல்ட், 40 வாட் ஹீட்டர் என்றால் 14 ஓம் சுற்றி இருக்கும்.

பவர் சப்ளையையும் விடாதீர்கள். காதருகே வைத்து மெதுவாகச் சாயுங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் பிளக்கில் செருகக் கூடாது. 115/230 சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும் சார். விற்றவர்கள் பதிலே தராவிட்டால் என்ன செய்வது?

கோவையிலிருந்து:

முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள் சார், தொலைபேசியில் பேசியதோடு விடாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி ஆன்லைன் விற்பனை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று விற்பவர் சொல்ல முடியாது. அதற்கும் மசியவில்லையென்றால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

லாரி சர்வீசில் வந்த பார்சலுக்கு, வழக்குப் போடும் நிலை வந்தால், புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விமான சரக்காக வந்திருந்தால் கெடு இன்னும் குறைவு. பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் விமான நிறுவனத்துக்குப் புகார் போக வேண்டும். எல்லாம் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் ஃபோமையும் குப்பையில் போடாதீர்கள். ஆய்வுக்கு ஆள் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.