ஐஎல்எஸ் இல்லாத ஊரில் இறங்கிய, இறங்க முடியாத அனுபவங்கள்

வலது இருக்கை:
இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானம், நான் துணை விமானி. ஐஎல்எஸ் (ஓடுதளத்துக்கு வழிகாட்டும் தரை வானொலிக் கருவி) இல்லாத சிறிய நிலையம் என்பதால், ஜிபிஎஸ் பிழையைத் திருத்தித் தரும் இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பான ககனை நம்பி, பக்கவாட்டு வழியோடு சரிவுப்பாதையும் காட்டும் எல்பிவி முறையில் இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஊசி நடுவிலேயே நின்றது. திடீரென்று திரையில் எல்பிவி போய் எல்நாவ் வந்தது, அதாவது பக்கவாட்டு வழி மட்டும், சரிவுப்பாதை இல்லை. எல்நாவில் ஓடுதளம் தெரியாமல் இறங்கக்கூடிய கடைசி உயரத்துக்கும் கீழே மேகம் படிந்திருந்தது. கேப்டன் "கோ அரவுண்ட்" என்றார். மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கிய பிறகு, இடப்பக்க மேக இடைவெளியில் ஓடுதள விளக்குகள் முத்துமாலை போலத் தெரிந்தன. இரண்டாவது முயற்சியிலும் இதே கதைதான், திரும்பிவிட்டோம். ககன் காலை வாரியது என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தார்த்து மாணவன்:
எஸ்டோனியாவின் தார்த்து, 2024 ஏப்ரல் கடைசி. ஜிபிஎஸ் குறுக்கீட்டால் இறங்க முடியாது என்று அறிவித்து, ஊர் வரை வந்த விமானத்தை ஹெல்சின்கிக்கே திருப்பிவிட்டார்கள். தார்த்துவில் அப்போது ஜிபிஎஸ் இல்லாத வேறு இறங்குமுறை கிடையாது. மே முழுவதும் அந்த விமானச் சேவையே இல்லை. பக்கத்து இருக்கைப் பாட்டி மகளுக்காக மடியில் ஒரு கேக் டப்பா வைத்திருந்தார். ஹெல்சின்கியில் இறங்கும்போதும் அது அவர் மடியிலேயே இருந்தது.

பழைய கோபுரம்:
வலது இருக்கைத் தம்பி, காலை வாரியது என்பது அநியாயம். பொழுது சாய்ந்த பிறகு நம் தலைக்கு மேலே, ஜிபிஎஸ் அலைகள் கடந்து வரும் மின்னூட்ட அடுக்கான அயனி மண்டலம் கொந்தளிக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டி இன்னும் மோசம். திருத்தத்தை நம்ப முடியாத நேரத்தில் "என்னை நம்பாதே" என்று சொல்வதும் ககனின் வேலைதான். 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் ஏடிஆரை இறக்கிக் காட்டியதும் இதே ககன்தான். தார்த்துத் தம்பி சொல்வது வெளியிலிருந்து வந்த குறுக்கீடு, இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டாம்.

என் கதை சிறியது. ஒருநாள் கோபுரத்திலிருந்து கியூஎன்எச் (விமானி உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண்) 1006 என்பதை 1016 என்று சொல்லிவிட்டேன். விமானியும் அப்படியே திருப்பிச் சொன்னார், என் காதில் அது உறைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பென்சிலால் என் விரலில் தட்டினார். பத்து எக்டோபாஸ்கல் (அந்த அழுத்தத்தின் அலகு) பிசகினால் உயரத்தில் ஏறக்குறைய 280 அடி பிசகும். அழுத்தமானியை வைத்து இறங்கும் விமானம் அத்தனை அடி தாழ்வாக வரும், கருவியோ எல்லாம் சரி என்று காட்டும். 2022 மே மாதம் பாரிஸில் 1001க்குப் பதிலாக 1011 சொல்லப்பட்டு, ஓர் ஏர்பஸ் தரையிலிருந்து ஆறடி வரை வந்துவிட்டுத்தான் மேலே ஏறியது. எல்பிவியின் சரிவுப்பாதை செயற்கைக்கோளிலிருந்து வருவதால் இந்தத் தவறு அதை வளைக்காது. ஆகவே தம்பிகளே, எல்பிவி போய் அழுத்தமானியே கதி என்றாகிவிட்டால் முதல் வேலையாகக் கியூஎன்எச்சை இன்னொரு முறை கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். முந்தைய மணியின் வானிலை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். துணை விமானி தனியாக எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

வலது இருக்கை:
ஐயா, கியூஎன்எச் பற்றி நான் கேட்கவே இல்லை. அன்று அது சரியாகத்தான் இருந்தது. காலை வாரியது என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த விளக்குகள் அரை நிமிடம் முன்னால் தெரிந்திருக்கக் கூடாதா?