கொழும்பில் பிள்ளைகளோடு மரம் பார்க்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, முற்றம் இல்லை. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. கொஞ்ச நாளாகப் பின்னேரங்களில் மரம் பார்க்கப் போகிறோம். விகாரமகாதேவி பூங்காவில் நாகலிங்கப் பூ கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே பூத்திருந்ததைக் கண்டு மகள் அசந்துவிட்டாள். இருட்டும் நேரம் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மடிப்பதைப் பார்க்காமல் சின்னவன் வீட்டுக்கு வரமாட்டான். மரப்பட்டையில் கடதாசியை வைத்துக் கிரேயோனால் தேய்த்து எடுத்த படங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன, எனக்கு அவைதான் பொக்கிஷம்.

சரி, உதவி இதுதான். புத்தகத்துக்குள் வைக்கும் இலைகள் கடற்கரை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கின்றன. எப்படிக் காயவைக்கிறீர்கள்? நமது தேசிய மரமான நாகமரம் வேறு, நாகலிங்கம் வேறு என்று மகளுக்கு நேரில் காட்ட வேண்டும். நாகமரத்தின் சிவந்த தளிரைக் கொழும்பில் எங்கே கிட்டப் போய்ப் பார்க்கலாம்? அப்புறம், வெயில் காலையில் மட்டும் விழும் பல்கனியில், சாடியில் எந்த மரக்கன்று தாக்குப்பிடிக்கும்? வேம்பு வைக்கத்தான் ஆசை. வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.