சூடானால் மட்டும் ஐடிலில் மிஸ் அடிக்கிறது: காயிலா, வால்வா?

பழையவண்டி:
2001 மாடல் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவது) அருமையாக இருக்கும். பத்து நிமிடம் ஓடி சூடானதும், வண்டி நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. சைலன்சரில் சீரான இடைவெளியில் 'புப், புப்' என்று சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனர் பி0302 காட்டுகிறது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியாமல் போகிறது. நான்கு பிளக்கையும் மாற்றிவிட்டேன், பலன் இல்லை. பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயில் பேக், வயர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

தீப்பொறி:
மாற்றிவிடுங்கள் நண்பரே. சூடானால் மட்டும் கோளாறு என்பது காயிலுக்கே உரிய குணம். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியில் மயிரிழை விரிசல் இருந்தால் குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகிவிடும். வயர்களும் இத்தனை வருடத்தில் உள்ளே அரித்துப்போயிருக்கும். இவை எப்படியும் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருட்கள்தான், வீண் செலவு என்று சொல்ல முடியாது.

அளவுகோல்:
நான் இதை ஏற்கவில்லை. காயிலோ வயரோ பலவீனமானால் முதலில் எங்கே தெரியும்? மேட்டில், பாரம் இழுக்கும்போது. அப்போதுதான் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படும். இவருக்கு அப்படியே தலைகீழ்: மிதித்தால் சரியாகிறது, நின்றால் நடுங்குகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஒரு வால்வு லேசாகக் கசிந்தாலும் அழுத்தம் வெளியேற நேரம் கிடைக்கும். வேகம் கூடினால் அந்த நேரம் இல்லை, கசிவு மறைந்துவிடும்.

இன்னொன்று. வயர் வைத்த காயில் பேக் என்றால் 1-4 சிலிண்டர்களுக்கு ஒரு காயில், 2-3க்கு ஒரு காயில். காயிலே செத்திருந்தால் மூன்றாவதும் சேர்ந்து மிஸ் அடிக்க வேண்டும். முதலில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பாருங்கள்.

தீப்பொறி:
காயிலின் ஒரு முனையில் மட்டும் விரிசல் விழுந்து பொறி எஞ்சின் உடம்புக்கு ஓடினால் ஒரு சிலிண்டர் மட்டும் நிற்கும், ஜோடி சிலிண்டர் வேலை செய்யும். நானே பார்த்திருக்கிறேன். அப்புறம், கம்ப்ரஷன் பார்க்கப் பிளக்கைக் கழற்ற வேண்டும்; சூடான அலுமினிய ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) பிளக்கைக் கழற்றினால் மரை பிய்ந்துவிடும், அந்த ஆபத்தையும் சொல்லுங்கள். அதற்குப் பதில் எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராக உருவிப் பார்த்தால் எது வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

அளவுகோல்:
முனை விரிசல் விஷயம் சரி, நான் அதை விட்டுவிட்டேன். மரை விஷயமும் உண்மை. ஆனால் ஓடும் எஞ்சினில் வயரை உருவ வேண்டாம். பொறிக்குப் போக வழியில்லாமல் காயிலையும் கம்ப்யூட்டரையும் பதம் பார்க்கும், ஆளுக்கும் ஷாக் அடிக்கும். அதற்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றினால் போதும். பெட்ரோல் நிற்கும், வேறு எதுவும் கெடாது.

தீப்பொறி, காயில் முனை பற்றிய உங்கள் சந்தேகத்துக்குச் செலவில்லாத சோதனையும் இருக்கிறது. 2, 3 இரண்டும் ஒரே காயிலில் ஒரே நேரத்தில் பொறி வாங்குபவை. எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த இரண்டு வயர்களின் காயில் பக்க முனைகளை இடம் மாற்றிப் போடலாம், டைமிங் கெடாது. கோளாறு மூன்றுக்குத் தாவினால் நீங்கள் சொன்னது சரி.

காற்றுக்குழல்:
இருவரும் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கத்தை மறந்துவிட்டீர்கள். மேனிஃபோல்ட் கேஸ்கெட் இரண்டாவது சிலிண்டர் பக்கம் காற்று இழுத்தாலும் ஐடிலில்தான் மிஸ் அடிக்கும். ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று பாருங்கள். ஐடிலில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டியும் 2,500 ஆர்பிஎம்மில் இயல்பாகவும் காட்டினால் காற்றுக் கசிவுதான். ஒரு எச்சரிக்கை: எரியாத சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று தவறாகச் சொல்வதும் உண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பழையவண்டி:
எல்லாம் செய்து பார்த்தேன். வயர் முனைகளை மாற்றிய பிறகும் கோளாறு இரண்டிலேயே இருக்கிறது. 1, 3, 4 இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடுகிறது, 2ஐக் கழற்றினால் பெரிய வித்தியாசமில்லை. ட்ரிம் ஐடிலில் 4 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் 3 சதவீதம். இரவில் வயர்கள் மேல் தண்ணீர் தெளித்தபோது மூன்றாவது வயரில் நீலப் பொறி ஓடியது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எடுத்த கம்ப்ரஷன்: 12.2, 11.4, 12.0, 12.1 பார்.

தீப்பொறி:
காயில் முனை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்ப்ரஷனும் நன்றாகத்தானே இருக்கிறது? வால்வு வாதமும் போயிற்று. வயர் கசிவது கண்ணுக்கே தெரிகிறது, வயர் செட்டை மாற்றுங்கள்.

அளவுகோல்:
வயரை மாற்றட்டும், அது கெட்டுவிட்டது. ஆனால் கசிவது மூன்றாவது வயர், மிஸ் அடிப்பது இரண்டாவது சிலிண்டர். அந்த முரண்பாட்டைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

கம்ப்ரஷனை எப்போது எடுத்தார்? குளிர்ந்தபோது. குளிரில் இந்த எஞ்சின் ஒழுங்காகத்தானே ஓடுகிறது? காய்ச்சல் இல்லாத நேரத்தில் காய்ச்சல் பார்த்தது மாதிரி ஆகிவிட்டது. அப்போதே 2 மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவு.

பழையவண்டி சார், உங்கள் எஞ்சினில் வால்வைத் தள்ளும் டேப்பெட், ஸ்க்ரூ வைத்து இடைவெளியைச் சரிசெய்வதா, தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக்கா? ஸ்க்ரூ என்றால் ராத்திரி முழுக்க ஆறவிட்டு, வால்வு கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போட்டுப் பாருங்கள். இதற்குப் பிளக்கைக் கழற்ற வேண்டியதில்லை, மரையைப் பற்றிய பயமும் வேண்டாம். வருடக்கணக்கில் அடித்து அடித்து எக்ஸாஸ்ட் வால்வு, மூடும்போது தான் உட்காரும் இடமான சீட்டுக்குள் இறங்கும். அப்படி இறங்கினால் வால்வின் தண்டு மேலே ஏறி டேப்பெட் இடைவெளி குறையும். எஞ்சின் சூடாகித் தண்டு நீளும்போது இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுதாக மூடாது. டேப்பெட் சத்தம் போட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். இடைவெளி குறைந்த டேப்பெட்டோ சத்தமே இல்லாமல் வால்வை எரித்துவிடும். வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை சீட்டில் உட்காரும்போதுதான் இறக்குகிறது, உட்காரவே இல்லை என்றால் எங்கே இறக்கும்?

பழையவண்டி:
ஸ்க்ரூ டேப்பெட்தான். எக்ஸாஸ்டுக்கு மேனுவலில் போட்டிருப்பது 0.30 மி.மீ. எனக்கு 1, 3, 4இல் 0.22 முதல் 0.25 வரை இருந்தது. இரண்டாவதில் 0.05 தகடுகூட நுழையவில்லை. நான்கையும் 0.30க்கு வைத்தேன், மூன்றாவது வயரையும் மாற்றினேன். இப்போது சூடான பிறகும் ஐடில் சமமாக நிற்கிறது, எப்போதாவது ஒரு சின்ன உதறல் மட்டும்.

தீப்பொறி:
டேப்பெட் என்று நான் நினைக்கவே இல்லை, அளவுகோல் சொன்னது சரி. ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். மூடாத வால்வோடு எத்தனை மாதம் ஓடியதோ, விளிம்பு கருகியிருக்கும். அந்த மிச்ச உதறல் அதுதான். ஹெட்டைக் கழற்றி வால்வைப் பாருங்கள்.

அளவுகோல்:
இப்போதே ஹெட்டைக் கழற்றுவது அவசரம். 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இடைவெளியை அளக்கட்டும். 0.30இலேயே நின்றால் வால்வு சீட்டில் நன்றாக உட்கார்கிறது, உதறல் தானாகவே குறையும். மறுபடி குறைந்திருந்தால் சீட் போய்க்கொண்டிருக்கிறது, அப்போது கழற்றட்டும். நடுவில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

தீப்பொறி:
அந்த 1,000 கிலோமீட்டரில் வால்வு இன்னும் கருகினால்? குறைந்தது லீக் டவுன் சோதனையாவது செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றினால் எங்கே சீறுகிறது என்று காதுக்கே தெரியும். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

அளவுகோல்:
அதில் எனக்கு மறுப்பில்லை. அதுவும் அளந்து பார்ப்பதுதானே.

பழையவண்டி:
லீக் டவுன் செய்தேன். இரண்டாவதில் சைலன்சர் வழியாக மெல்லிய சீறல் கேட்டது, மற்ற மூன்றில் இல்லை. இருந்தாலும் 1,000 கிலோமீட்டர் ஓட்டினேன், விளக்கு மின்னவில்லை. இன்று காலை அளந்தேன்: 1, 3, 4 அப்படியே 0.30. இரண்டாவது 0.20க்கு இறங்கிவிட்டது. அடுத்த வாரம் ஹெட்டைக் கழற்றுகிறேன். காயில் பேக் பழையதேதான், அதை மாற்றவில்லை.